எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் கத்துகிறது? சத்தத்தைக் கேட்டே கோளாறைப் பிடிக்கும் வழி

பெரிய சமையலறைகளில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தும்போதுதான் அது அதுவரை எவ்வளவு சத்தம் போட்டது என்பது உறைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் தங்களை அறியாமலே குரலை உயர்த்திப் பேசப் பழகிவிடுவார்கள். சத்தம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். கூடுவது யார் காதிலும் விழாது. ஒரு நாள் அது உறுமலாகவோ கீச்சொலியாகவோ மாறியதும் "மோட்டார் போயிடுச்சு போல" என்று தீர்ப்புச் சொல்லி ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மோட்டார்மேல் பழி போடுவது சுலபம். கண்ணுக்கு முன்னால் இருப்பது அது. இருப்பதிலேயே பெரிய செலவு வைப்பதும் அதுதான். ஆனால் பிளேடில் ஏறிய பிசுக்கு, தளர்ந்த பெல்ட், காய்ந்த பேரிங், அடைத்துப்போன ஃபில்டர் என்று சந்தேகப்பட வேண்டியவை வரிசையாக நிற்கின்றன. அவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகே மோட்டாரின் முறை வர வேண்டும். அந்த வரிசையைக் குறுக்க ஒரே வழிதான் உண்டு: ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் காதைக் கொடுப்பது. சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, எதோடு சேர்ந்து கூடுகிறது என்ற மூன்றையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்குப் படிப்போ கருவியோ தேவையில்லை.

எது எங்கே இருக்கிறது

அடுப்புக்கு மேலே தொங்கும் கூண்டு ஹூட். அதில் சாய்வாகச் செருகியிருக்கும் தகட்டு ஃபில்டர்கள் புகையிலிருக்கும் எண்ணெயைப் பிரித்துக் கீழே உள்ள தட்டில் வடியவிடும். மீதிப் புகை டக்ட் என்ற தகட்டுக் குழாய் வழியாக ஃபேனுக்குப் போகும். ஃபேன் அதை வெளியே தள்ளும். சுவரில் பதித்த சின்ன ஃபேனில் காற்று நேராக உள்ளே நுழைந்து நேராக வெளியேறும். பெரிய சமையலறைகளில் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. நத்தைக் கூட்டைப் போன்ற உறைக்குள் ஒரு சக்கரம் சுற்றும். அது நடுவில் காற்றை உறிஞ்சி ஓரத்தில் வீசியெறியும். அந்தச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர்.

இம்பெல்லரை மோட்டார் இரண்டு விதமாகச் சுழற்றும். மோட்டார் ஷாஃப்ட்டிலேயே இம்பெல்லரை மாட்டுவது ஒன்று. புல்லி, பெல்ட் வைத்து இழுப்பது மற்றொன்று. சூடும் எண்ணெயும் கலந்த காற்று மோட்டாரின் மேல் படாமல் அதைத் தள்ளி வைக்கலாம் என்பதால் சமையலறைகளில் பெல்ட் வகை நிறையக் காணப்படும். உங்கள் ஃபேன் எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட்டே இல்லாத ஃபேனில் பெல்ட் சத்தத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொடுவதற்கு முன்

ஃபேன் நின்றிருக்கிறது என்பதாலேயே அது பத்திரம் ஆகிவிடாது. கீழே யாராவது விவரம் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் மேலே கை போய்விடும். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட வசதி இல்லையென்றால் ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவிட்சுப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். மொட்டை மாடி ஃபேன் என்றால் இன்னொன்றும் உண்டு: மின்சாரம் இல்லாவிட்டாலும் காற்று அதைச் சுற்றும். உள்ளே கை விடும் முன் இம்பெல்லர் அசையாதபடி மரக்கட்டை கொடுத்துத் தடுக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் கெப்பாசிட்டர் இருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஃபேன் நிற்கும் நேரத்தில் அடுப்பும் நிற்க வேண்டும். "ரெண்டே நிமிஷம்தானே" என்று எரியவிட்டால் புகையும் கார்பன் மோனாக்சைடும் உள்ளேயே தங்கும்.

அணைத்துவிட்டுக் கேளுங்கள்

எல்லாச் சோதனைகளிலும் செலவில்லாததும் அதிகம் சொல்வதும் இதுதான். ஃபேன் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது ஒருவர் சுவிட்சை அணைக்கட்டும். நீங்கள் ஃபேன் பக்கத்தில், சுழலும் பாகங்களுக்கு எட்டாத தூரத்தில் நின்று கேளுங்கள். கனமான இம்பெல்லர் உடனே நிற்காது; அரை நிமிடமோ அதற்கு மேலோ தானாகச் சுற்றி வேகம் குறைந்து நிற்கும். அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது.

சுவிட்சை அணைத்த கணமே சத்தம் சட்டென்று நின்றுவிட்டால், இம்பெல்லர் இன்னும் கிட்டத்தட்ட முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் காற்றோ பேரிங்கோ அந்தச் சத்தத்துக்குக் காரணமாக இருக்க முடியாது. மின்சாரம் போனதும் நிற்கும் சத்தம் மின்சாரத்திலிருந்து வந்தது: மோட்டார் காயில், மோட்டாருக்குள் தளர்ந்த தகடு, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர், ஒரு ஃபேஸ் பலவீனம் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். பெல்ட் வழுக்கும் சத்தமும் இதே மாதிரி உடனே நிற்கலாம், ஏனென்றால் மோட்டார் இழுப்பதை நிறுத்தியதும் பெல்ட்டின் பாரமும் போய்விடுகிறது.

வேகத்தோடு சேர்ந்து சத்தமும் படிப்படியாகத் தணிந்தால் சுழலும் பாகத்திலோ காற்றோட்டத்திலோ கோளாறு. காற்றின் இரைச்சல் முதலில் அடங்கும். அது அடங்கிய பிறகும் இம்பெல்லர் மெதுவாகச் சுற்றும்போது கரகரவென்றோ டக் டக் என்றோ ஏதாவது மிஞ்சிக் கேட்டால், பேரிங்கையும் உரசலையும் பாருங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வேகம் குறையும் வழியில் ஏதோ ஒரு இடத்தில் மட்டும் சத்தம் குபீரென்று எழும்பி, அந்த வேகத்தைத் தாண்டியதும் அடங்கிவிடும். ஃபேனின் அதிர்வும் அது உட்கார்ந்திருக்கும் சட்டத்தின் அதிர்வும் அந்த வேகத்தில் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். ஒத்ததிர்வு என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். இங்கே ஃபேனில் பெரிய கோளாறு எதுவும் இல்லாமலேகூட இருக்கலாம்.

வேகக் கட்டுப்பாட்டுக்கு விஎஃப்டி டிரைவ் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. நிறுத்தும் பொத்தானை அழுத்தியதும் டிரைவே மோட்டாரைப் பிடித்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். மின்சாரம் உடனே போகாது. அந்த நிலையில் இந்தச் சோதனை பொய் சொல்லும். டிரைவில் தானாக ஓய்ந்து நிற்கும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் செய்ய வேண்டும்.

பிசுக்கு: 50 கிராம் என்ன செய்யும்?

சமையலறை ஃபேனில் முதல் சந்தேகம் எப்போதும் பிசுக்கின்மேல்தான். ஃபில்டர் எல்லா எண்ணெயையும் பிடிப்பதில்லை. தப்பியது டக்ட்டைத் தாண்டிப் போய் இம்பெல்லரில் ஒட்டி, தூசியோடு சேர்ந்து தார் போல இறுகும். எல்லாப் பிளேடிலும் ஒரே அளவு ஒட்டினால் தொல்லை குறைவு. அப்படி ஒட்டாது. ஒரு பிளேடில் திரண்ட கட்டி இன்னொரு பிளேடிலிருந்து உதிர்ந்து போயிருக்கும். அன்றைக்கே ஃபேன் ஆட ஆரம்பிக்கும். நேற்று வரை அமைதியாக ஓடியது இன்று காலை திடீரென்று உலுக்குகிறது என்றால், எங்கோ ஒரு கட்டி பெயர்ந்து விழுந்திருக்கிறது என்று முதலில் நினையுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். அரை மீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர், நிமிடத்துக்கு 1440 சுற்று. ஓரத்தில் ஒரே இடத்தில் 50 கிராம் பிசுக்கு. சுழலும்போது அந்த 50 கிராம் ஷாஃப்ட்டை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 284 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 29 கிலோ எடை. அந்த 29 கிலோ ஒரே பக்கம் இழுத்தால்கூடப் பரவாயில்லை. விநாடிக்கு 24 முறை திசை மாறிச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. பேரிங்கும், போல்ட்டும், கீழே உள்ள சட்டமும் அதை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஃபேன்களுக்கு வழக்கமாகப் பின்பற்றும் ஐஎஸ்ஓ சமநிலைத் தரத்தில் ஜி 6.3 என்றொரு படி உண்டு. அதன்படி 20 கிலோ எடையுள்ள இதே இம்பெல்லரின் ஓரத்தில் அனுமதிக்கப்படும் ஏற்றத்தாழ்வு சுமார் 3 கிராம்தான்.

இந்தச் சத்தம் காதில் விழுவதைவிட நெஞ்சிலும் காலடியிலும் அதிகம் தெரியும். தாழ்ந்த, சீரான அதிர்வு. பக்கத்தில் வைத்த டம்ளர் தண்ணீரில் வளையம் வளையமாக அலை எழும். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் பல மடங்கு கூடும், ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

தீர்வு சுரண்டிக் கழுவுவது. ஆனால் அதைச் செய்யும் விதத்தில் நான்கு விஷயங்கள் கெட்டுப்போகும். முதலாவது, பாதிச் சுத்தம். கைக்கு எட்டிய பிளேடுகளை மட்டும் பளபளவென்று சுரண்டிவிட்டு எட்டாததை விட்டால் ஃபேன் முன்பைவிட மோசமாக ஆடும். இம்பெல்லரைக் கையால் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பிளேடின் முன்பக்கமும் பின்பக்கமும், நடுத்தட்டின் பின்புறமும் முடிக்க வேண்டும். முடிக்க நேரம் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம். இரண்டாவது, சமநிலைக்காகத் தொழிற்சாலையில் மாட்டிய எடைகள். பிளேடு விளிம்பில் கவ்வியிருக்கும் சின்ன உலோகக் கிளிப்பாகவோ, தட்டில் பற்றவைத்த துண்டாகவோ இருக்கும். பிசுக்கு மூடியிருக்கும்போது அதுவும் அழுக்கு மாதிரியே தெரியும். சுரண்டி எறிந்துவிட்டால் சுத்தமான இம்பெல்லர் ஆயுள் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கும். உலோகம் தட்டுப்பட்டால் கையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாவது, காரம். அலுமினிய இம்பெல்லரில் காஸ்டிக் சோடா கலந்த திரவத்தை ஊற்றினால் பிசுக்கோடு அலுமினியமும் அரித்துப் போகும். டின்னில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். நான்காவது, தண்ணீர். பிரஷர் வாஷரை மோட்டார் பக்கமோ பேரிங் பக்கமோ காட்டக் கூடாது.

கழுவி முடித்ததும் உறையின் அடியில் இருக்கும் வடிகால் துளையைக் குச்சி விட்டுப் பாருங்கள். அது அடைத்திருந்தால் எண்ணெயும் தண்ணீரும் அடியில் தேங்கும். இம்பெல்லர் அதில் படும் அளவுக்கு மட்டம் ஏறினால் களகளவென்று ஒரு சத்தம் வரும். மழைக்குப் பிறகு மட்டும் ஃபேன் கத்துகிறது என்று சொல்பவர்கள் இந்தத் துளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் பிளேடு வளைந்திருக்கலாம், அரித்துத் தேய்ந்திருக்கலாம், ஷாஃப்ட் கோணியிருக்கலாம். அங்கே சமநிலைப்படுத்தும் கருவியோடு ஆள் வர வேண்டும். தோராயமாக ஒரு போல்ட்டையோ வாஷரையோ எதிர்ப்பக்கம் மாட்டிப் பார்க்கிற வைத்தியம் வேண்டாம். கழன்றால் அது தோட்டா.

இந்தப் பிசுக்கு சத்தத்துக்கு மட்டும் காரணம் இல்லை, தீக்கும் இரையாகும். அமெரிக்காவில் எழுதப்பட்ட என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தரம் பிசுக்குச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளியைச் சமையலின் அளவுக்கேற்ப வகுக்கிறது: விறகு, கரி போன்ற திட எரிபொருளில் சமைத்தால் மாதம் ஒருமுறை, நாள் முழுக்க ஓயாமல் ஓடும் சமையலறைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நடுத்தர அளவுக்கு ஆறு மாதம், எப்போதாவது சமைக்கும் இடத்துக்கு ஓராண்டு.

பெல்ட்டின் குரல்கள்

பெல்ட் ஒரே மாதிரி கத்தாது. ஃபேனைப் போட்டதும் சில விநாடிகள் கிறீச்சென்று அலறிவிட்டு அடங்கினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, புல்லியில் வழுக்குகிறது. புல்லியில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே சத்தம்தான். ஓடும் நேரம் முழுக்க சிட்டுக்குருவி போலச் சிறுசிறு கீச்சொலி வந்தால் இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. பட் பட்டென்று அடித்தால் பெல்ட் துவண்டு கவசத் தகட்டில் படுகிறது, இல்லையென்றால் பெல்ட்டில் ஓர் இடம் கிழிந்தோ வீங்கியோ இருக்கிறது.

அந்தக் கடைசிச் சத்தத்தை எண்ணியே கண்டுபிடிக்கலாம். 100 மில்லிமீட்டர் மோட்டார் புல்லி 1440 சுற்று ஓடி, 200 மில்லிமீட்டர் ஃபேன் புல்லியை 720 சுற்றில் ஓட்டுகிறது. பெல்ட்டின் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் விநாடிக்கு 24 சுற்று, ஃபேன் 12 சுற்று. பெல்ட் ஒரு முழுச் சுற்று வருவது விநாடிக்கு 5 முறைதான். ஆகவே இருப்பதிலேயே மெதுவான தாளம் பெல்ட்டுடையது. தட்டலைக் காதால் எண்ண முடிகிற வேகத்தில் கேட்டால் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். எண்ண முடியாமல் ஒரே உறுமலாகக் கேட்டால் இம்பெல்லரும் மோட்டாரும்.

நிறுத்திவிட்டுப் பெல்ட்டைக் கழற்றி விரலால் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி பளபளப்பு, உள்பக்கம் குறுக்கு வெடிப்பு, நூல் பிரிதல் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள். வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு சாய்வுப் பக்கங்களில்தான் பிடிக்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. அடி பளபளத்தால் பள்ளம் தேய்ந்துவிட்டது. எத்தனை பெல்ட் மாற்றினாலும் வழுக்கும்.

இழுவிசைக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: பெல்ட்டை அழுத்தினால் இரண்டு புல்லிகளுக்கு இடையே ஒரு மீட்டருக்கு 16 மில்லிமீட்டர் தாழ வேண்டும். மேலே சொன்ன அமைப்பில் புல்லிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அரை மீட்டர் இருக்கும். அதன் நடுவில் அழுத்தினால் சுமார் 8 மில்லிமீட்டர். எவ்வளவு பலத்தோடு அழுத்த வேண்டும் என்பது பெல்ட்டுக்குப் பெல்ட் மாறும், தயாரிப்பாளர் அட்டவணையில் இருக்கும். கத்தாமல் இருக்கட்டும் என்று இறுக்கித் தள்ளுவது நிறையப் பேர் செய்யும் வேலை. சத்தம் நிற்கும், பேரிங் சீக்கிரம் போகும். நேர்கோட்டைப் பார்க்க, இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நான்கு இடத்திலும் தொட்டால் சரி. இரண்டு மூன்று பெல்ட் ஓடும் ஃபேனில் ஒன்று போனாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், பாரம் முழுக்கப் புதியதன்மேல் விழும். புது பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாளில் கொஞ்சம் நீளும், அதற்குப் பிறகு ஒருமுறை இழுவிசையைப் பார்க்க வேண்டும். பெல்ட்டில் தடவும் பிசின், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். கத்தலை ஒரு வாரம் மறைக்கும், தூசியை அப்பிக்கொள்ளும்.

பேரிங்

பேரிங் போகும்போது முதலில் மெல்லிய சீறல் அல்லது விசில். பிறகு கரகரப்பு. கடைசியில் கல்லை அரைப்பது மாதிரி உறுமல். கடைசி நிலையில் நாள் கணக்கோ மணிக்கணக்கோ என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஷாஃப்ட்டே பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் உறையில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் ஒட்டிக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. தளர்ந்த சட்டை, தொங்கும் துண்டு இல்லாமல், பெல்ட் கவசம் மாட்டியிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நல்ல பேரிங் ஒரே சீராக மெதுவாக இரையும். கெட்டதில் சடசடப்போ கடமுடவோ கேட்கும். ஒன்றை மட்டும் கேட்டால் எதுவும் புரியாது. இரண்டு பக்கத்துப் பேரிங்குகளையும், மோட்டாரின் இரண்டு முனைகளையும் கேட்டு ஒப்பிட்டால் எது வேறுபடுகிறது என்று பழக்கம் இல்லாத காதுக்கும் தெரிந்துவிடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு இம்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பது அடுத்த படி: கரடுமுரடாகத் தட்டினாலோ, ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தால் ஆடினாலோ பேரிங் முடிந்தது. அதே நேரத்தில் மோட்டாரை மட்டும் தனியாக ஓடவிட்டுப் பாருங்கள். பெல்ட் இல்லாத மோட்டார் அமைதியாக ஓடினால் அதை மாற்றும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கிரீஸ் நிப்பிள் இருக்கும் பேரிங் என்றால் கொஞ்சம் கிரீஸ் ஏற்றிப் பாருங்கள். சத்தம் நின்று, நாள் கணக்கில் திரும்ப வரவில்லையென்றால் அது காய்ந்திருந்தது, அவ்வளவுதான். சிறிது நேரத்திலேயே திரும்பினால் உள்ளே சேதம். நிறைய ஏற்றினால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம். அளவு மீறிய கிரீஸ் உள்ளேயே கடைபட்டுச் சூடாகும், சீலைப் பிதுக்கித் தள்ளும். இரண்டு வகை கிரீஸைக் கலக்கவும் கூடாது. சில வகைகள் சேர்ந்தால் இளகி ஓடிவிடும். மூடிய பேரிங்கில் கிரீஸ் ஏற்ற வழியே இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது விளிம்பில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6205 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்க, உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30.

உரசல், தளர்வு

ஒரே இடத்தில் சர்... சர்... என்று உரசினால் இம்பெல்லர் எங்கோ படுகிறது. அதை ஷாஃப்ட்டில் பிடித்திருக்கும் சின்னத் திருகு தளர்ந்து, சக்கரம் நகர்ந்து காற்று நுழையும் வளையத்தில் தேய்த்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். வளையத்தில் பளிச்சென்று ஒரு கோடு இருக்கும். திருகை மட்டும் முறுக்கினால் போதாது, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் உலோகச் சாவியும் அதன் பள்ளமும் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தளர்ந்த போல்ட், ஆடும் கவசத் தகடு, கழன்ற ஹூட் விளக்கு எல்லாமே பெரிய நோய் மாதிரி கத்தும். ஓடும்போது வெளித்தகடுகளைக் கையால் அழுத்திப் பார்த்தாலே எது என்று தெரியும்.

மின்சாரப் பக்கம்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மோட்டார் மெதுவாக முணுமுணுப்பது 100 ஹெர்ட்ஸில், அது இயல்பு. உரக்க முனகி, சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். த்ரீ ஃபேஸில் ஒன்று விட்டுப் போயிருக்கலாம், சிங்கிள் ஃபேஸில் கெப்பாசிட்டர் செத்திருக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் காயில் கருகும். விஎஃப்டி வைத்த மோட்டாரில் கூர்மையான விசில் கேட்டால் அது டிரைவின் சுவிட்சிங் சத்தம். டிரைவில் சுவிட்சிங் அதிர்வெண்ணை ஏற்றினால் காதுக்கு அடங்கும், டிரைவ் கூடுதலாகச் சூடாகும்.

வயரிங் வேலை நடந்த மறுநாளிலிருந்து ஃபேன் இரைகிறது, புகையும் சரியாகப் போகவில்லை என்றால் சுற்றும் திசையைப் பாருங்கள். உறையில் அம்புக்குறி இருக்கும். நத்தைக்கூட்டு வகை ஃபேனில் இது ஏமாற்றும்: தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வெளியேதான் போகும், ஆனால் மிகக் குறைவாக, நிறையச் சத்தத்தோடு. "காத்து வருதே" என்று விட்டுவிடுவார்கள். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் வயரை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது.

காற்றே கத்தும்போது

எந்தப் பாகமும் கெடாமல் காற்று மட்டுமே கத்துவதும் உண்டு. வாக்யூம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் அதன் குரல் எப்படி மாறுகிறதோ, அப்படித்தான் ஃபில்டர் அடைத்த ஃபேனும். ஃபில்டர் தகடுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடுக்கு தெரியவில்லையென்றால் அதுதான் காரணம். திரும்ப மாட்டும்போது இடுக்குகள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் வடியும். இரண்டு ஃபில்டருக்கு நடுவில் சந்து விட்டால் அதன் வழியே காற்று விசிலடிக்கும், எண்ணெயும் நேராக ஃபேனுக்குப் போகும்.

இங்கே ஒரு நல்ல துப்பு: ஃபேன் அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறி அதிக ஆம்பியர் இழுக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நத்தைக்கூட்டு வகையில் நேர்மாறு. தள்ளக் காற்று குறைந்தால் வேலையும் குறையும், ஆம்பியரும் இறங்கும். எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரில் பார்த்து வழக்கத்தைவிடக் குறைவு என்றால் டக்ட்டிலோ ஃபில்டரிலோ அடைப்பைத் தேடுங்கள். பெல்ட் வழுக்கினாலும் அறுந்தாலும் ஆம்பியர் குறையும் என்பதால் அதைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள்.

அடுத்தது உள்ளே வரும் காற்று. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். கதவு ஜன்னல்களை இறுக்கி மூடிவிட்டு, காற்றுக் கொடுக்கும் ஃபேனையும் அணைத்துவைத்தால், எக்ஸாஸ்ட் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டும். கதவைத் திறக்கவே பலம் வேண்டியிருக்கும், இடுக்குகள் ஊளையிடும், ஃபேனின் இரைச்சல் ஏறி இறங்கும், இத்தனைக்கும் புகை ஹூட்டின் ஓரம் வழியாகப் பிதுங்கும். பின் கதவைத் திறந்து வைத்துக் கேளுங்கள். சத்தம் உடனே மாறி, புகையும் ஒழுங்காக ஏறினால் ஃபேனைத் தொடவே வேண்டாம், காற்று வர வழி செய்யுங்கள். கேஸ் அடுப்பின் புகை திரும்பி உள்ளே வரும் ஆபத்தும் இதில் இருப்பதால் தள்ளிப்போடக் கூடாது.

ஃபேன் நல்லா இருந்தும் கட்டிடம் கத்தினால்

அதிர்வைத் தடுக்க அடியில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். ரப்பர் வருடங்களில் கல்லாக இறுகும். ஸ்பிரிங்கில் வண்டியில் ஏற்றி இறக்குவதற்காகப் போட்ட பூட்டுப் போல்ட்டைக் கழற்றாமலே ஓட்டுவதும் நடக்கும். அப்படி ஓட்டினால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாததுதான். ஃபேனுக்கும் டக்ட்டுக்கும் நடுவில் இருக்கும் மெத்தென்ற இணைப்பு கிழிந்திருந்தால் அதிர்வும் எண்ணெயும் சேர்ந்து கசியும். மாற்றும்போது தீயைத் தாங்கும் வகைதான் வேண்டும், கிடைத்த துணியை வைத்துக் கட்டக் கூடாது. டக்ட் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் தகடு சுவரை நேரடியாகத் தொட்டாலும் மாடி முழுக்கச் சத்தம் பரவும். டக்ட்டுக்கு உள்ளே பஞ்சு, ஃபோம் ஒட்டிச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எண்ணெயை ஊறவைத்து நெருப்புக்குக் காத்திருக்கும் திரியாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்து, வேகம்தான் அதிகம் என்றால் குறைக்கலாம். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் காற்று 10 சதவீதம் குறையும், மின்சாரம் சுமார் 27 சதவீதம், சத்தம் 2 டெசிபலுக்குச் சற்று மேல். 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதி, சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கும். முன்பு சொன்ன ஒத்ததிர்வுச் சத்தத்துக்கும் சில சமயம் இந்தச் சின்ன வேக மாற்றமே போதும். குறைத்த பிறகு எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் எரியவிட்டு ஹூட்டின் ஓரத்தில் புகை வழிகிறதா என்று பார்த்தாக வேண்டும். வழிந்தால் வேகத்தைத் திரும்ப ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆளைக் கூப்பிடும்போது "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாமல், எந்த நாளிலிருந்து, அதற்கு முன் என்ன வேலை நடந்தது, அணைத்ததும் நிற்கிறதா மெல்லத் தணிகிறதா, கதவைத் திறந்தால் மாறுகிறதா என்று சொல்லுங்கள். போனில் அரை நிமிடம் பதிவு செய்து அனுப்பும்போது ஓடும் சத்தத்தோடு சுவிட்சை அணைத்து ஃபேன் முழுதாக நிற்கும் வரை விடாமல் பதியுங்கள். கருகும் வாசனை, மோட்டாரிலோ பேரிங்கிலோ கை வைக்க முடியாத சூடு, உலோகம் உலோகத்தில் மோதும் சத்தம், போல்ட் கழன்று விழும் அளவு ஆட்டம் இவற்றில் எது இருந்தாலும் ஆள் வரும் வரை ஓட்ட வேண்டாம். அடுப்பையும் சேர்த்து அணைத்துவிடுங்கள்.